பனியாறு கரைகிறது என்றால் எவ்வளவு? உயர்மலைப் பனியின் வரவு செலவுக் கணக்கு

பனியாறு பற்றிய செய்தி என்றால் பெரும்பாலும் இரண்டு படங்கள் வரும். பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்தது ஒன்று, அண்மையில் எடுத்தது ஒன்று. பழைய படத்தில் பள்ளத்தாக்கின் பாதிவரை பனி நீண்டிருக்கும். புதியதில் அதே இடத்தில் கல்லும் சேறும் இருக்கும். "இத்தனை மீட்டர் பின்வாங்கிவிட்டது" என்று ஓர் எண்ணும் கூடவே வரும். படமும் பொய்யில்லை, எண்ணும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பனியாற்றில் இந்த ஆண்டு எவ்வளவு பனி சேர்ந்தது, எவ்வளவு போனது என்று கேட்டால் இரண்டுமே பதில் சொல்லாது.

இந்தக் குழப்பத்துக்கு விலையும் உண்டு. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2007 அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதற்கு முறையான அளவீட்டு ஆதாரம் இல்லை என்று 2010 ஜனவரியில் அந்தக் குழுவே ஒப்புக்கொண்டது. உடனே பேச்சு மறுகோடிக்குத் தாவியது: "அப்படியானால் பனியாறுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை." முதலில் சொன்னவர்களும் அளக்கவில்லை, பிறகு சொன்னவர்களும் அளக்கவில்லை. அளப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

## முனையை மட்டும் பார்த்தால் ஏன் போதாது

மலையுச்சியில் விழும் பனி முழுவதும் கோடையில் உருகிவிடாமல் மிஞ்சினால், ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகச் சேரும். மேலே சேரும் சுமையில் அடியிலுள்ளது இறுகிப் பனிக்கட்டியாகும். போதிய தடிமன் வந்ததும் அந்தப் பனிக்கட்டி தன் எடையாலேயே சரிவில் மெல்ல இறங்கத் தொடங்கும். இப்படி நகர்கிற பனிக்கட்டித் திரளே பனியாறு. அதன் கீழ்முனைக்கு முகப்பு என்று பெயர்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சம்பாதிக்கிறார், இன்னொருவர் செலவழிக்க மட்டும் செய்கிறார். செலவழிப்பவரை மட்டும் கவனித்தால் அந்த வீடு எப்போதும் நொடித்துப்போவதாகத்தான் தோன்றும். அவர் கைக்கு வரும் பணமும் போன மாதமோ அதற்கு முன்போ சம்பாதித்தது. வீட்டின் நிலை தெரிய வேண்டுமானால் இருவர் கணக்கையும் ஒரே காலத்துக்குக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

முகப்பு அந்தச் செலவாளி. அங்கே வளமான காலத்திலும் உருகுதல்தான் நடக்கும். அது முன்னேறுவதும் பின்வாங்குவதும், அங்கே உருகும் வேகத்துக்கும் மேலிருந்து வந்துசேரும் பனிக்கட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. மேலே விழுந்த பனி பனிக்கட்டியாகி முகப்புக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள், நீளமான பனியாறுகளில் நூற்றாண்டுகள்கூட ஆகலாம். பருவநிலை மாற்றத்தின் விளைவு முகப்பில் முழுதாகத் தெரியவும் சில ஆண்டுகளிலிருந்து பல பத்தாண்டுகள் வரை பிடிக்கும். செங்குத்தான சிறிய பனியாறு சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். தடிமனான, சரிவு குறைந்த பனியாறோ முகப்பு இருந்த இடத்திலேயே இருக்க, உடல் முழுவதும் மெலிந்துகொண்டே போகலாம். முகப்பின் மேல் கல்லும் மண்ணும் மூடியிருந்தால் இந்த ஏமாற்று இன்னும் அதிகம்.

## வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும்

வரவு என்பது பெரும்பாலும் நேராக விழும் பனிப்பொழிவு. காற்று அள்ளிக்கொண்டு வந்து குவிப்பதும், பக்கவாட்டு மலைச்சுவர்களிலிருந்து பனிச்சரிவாக விழுவதும் அதில் சேரும். செங்குத்தான மலைகளுக்கு நடுவே கிடக்கும் சில பனியாறுகளுக்குப் பனிச்சரிவே பெரிய வரவு.

செலவு என்பது பெரும்பாலும் உருகுதல். பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உயரமான மலைகளில் அந்த வெப்பத்தில் பெரும்பங்கு வெயிலிலிருந்து வருகிறது. காற்றின் சூடு அதற்கு அடுத்துதான். அதனால் பனியின் நிறம் கணக்கையே மாற்றும். புதுப்பனி தன் மேல் விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்த வெற்றுப் பனிக்கட்டி 20, 30 சதவீதம்தான் திருப்பும். நடுக்கோடையில் பத்து சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தால் எடையளவில் அது பெரிய வரவில்லை. ஆனால் அது வெள்ளையாக மூடியிருக்கும் சில நாட்களுக்கு அடியிலுள்ள பனிக்கட்டி உருகுவது ஏறக்குறைய நின்றுவிடும். கோடையில் இப்படி எத்தனை முறை விழுகிறது என்பது ஆண்டுக் கணக்கையே புரட்டிப்போடக்கூடியது.

வறண்ட, காற்று வீசும் உச்சிகளில் பனி உருகாமலே நேராக ஆவியாகவும் போகும். இதுதான் பதங்கமாதல். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப்போல் எட்டு மடங்குக்கும் மேல் இதற்கு வேண்டும் என்பதால், ஒரே அளவு வெப்பத்துக்கு இதில் போகும் பனி குறைவு. முகப்பு ஏரிக்குள் முடியும் பனியாறுகளில் பனிக்கட்டி உடைந்து விழுவதும் செலவுதான்.

உயரே குளிர் அதிகம், பனியும் அதிகம். அங்கே வரவு மிஞ்சும். அது சேர்மானப் பகுதி. கீழே செலவு மிஞ்சும்; அது இழப்புப் பகுதி. ஆண்டு முடிவில் வரவும் செலவும் சரிக்குச் சரியாக இருக்கும் உயரத்தை இணைத்தால் கிடைப்பது சமநிலைக் கோடு. வெப்பமான, பனி குறைந்த ஆண்டில் கோடு மேலே ஏறும். நல்ல பனி ஆண்டில் இறங்கும். பல மலைப் பனியாறுகளில் மொத்தப் பரப்பில் பாதிக்குச் சற்று மேல் சேர்மானப் பகுதியாக இருந்தால்தான் கணக்கு நேராகும்.

சுருக்கமாக: ஓர் ஆண்டில் முழுப் பனியாற்றின் வரவிலிருந்து செலவைக் கழித்தால் வருவது நிறைச் சமநிலை. மிகையானால் பனியாறு எடை கூடியிருக்கிறது, குறையானால் எடை இழந்திருக்கிறது. முகப்பு எங்கே நிற்கிறது என்பது இந்தக் கணக்கில் எங்கும் வராது.

## ஒரு மீட்டர் பனி எவ்வளவு பனி?

பனியாற்றுக் கணக்கில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஒரு மீட்டர் ஆழப் புதுப்பனியும் ஒரு மீட்டர் பனிக்கட்டியும் ஒன்றல்ல. விழுந்த உடனே இருக்கும் பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 200 கிலோ வரைதான் எடை இருக்கும், மற்றதெல்லாம் காற்று. குளிர்காலம் முழுவதும் கிடந்து இறுகினால் 350 முதல் 500 கிலோ. ஒரு கோடையைத் தாண்டி மிஞ்சிய பனிக்கு ஃபிர்ன் என்று பெயர். அது இறுகிக்கொண்டே போய் ஏறத்தாழ 830 கிலோவில் காற்றுத் துளைகள் அடைபட்டுப் பனிக்கட்டியாகும். குமிழே இல்லாத தூய பனிக்கட்டி 917 கிலோ. பனியாற்றுப் பனிக்கட்டிக்குக் கணக்கில் 900 என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பனியை உருக்கித் தண்ணீராக்கினால் எத்தனை மீட்டர் உயரம் நிற்கும் என்பதே அந்த அளவு. அதுதான் நீர்ச்சமன். தண்ணீர் ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோ என்பதால் கணக்கு சுலபம்: ஆழத்தை அடர்த்தியால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் போதும். 2 மீட்டர் பனிக்கட்டி 1.8 மீட்டர் நீர்ச்சமன். 400 கிலோ அடர்த்தியுள்ள 2 மீட்டர் பனி 0.8 மீட்டர்தான்.

"இந்தப் பனியாற்றில் மேலே இரண்டு மீட்டர் சேர்ந்தது, கீழே இரண்டு மீட்டர் உருகியது, சரியாகப் போய்விட்டது" என்று யாராவது எழுதினால் அங்கேயே நிறுத்திவிடலாம். மேலே சேர்ந்தது பனி, கீழே போனது பனிக்கட்டி. உண்மையில் செலவு வரவைவிட இரு மடங்குக்கும் மேல்.

## கீழே: கழி நடுவது

இழப்புப் பகுதியில் பயன்படும் கருவி நம்ப முடியாத அளவுக்கு எளிமையானது. பனிக்கட்டியில் ஆழமாகத் துளையிட்டு ஒரு கழியை இறக்குவார்கள். இன்று எவ்வளவு வெளியே தெரிகிறது, ஓராண்டு கழித்து எவ்வளவு தெரிகிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உருகிய பனிக்கட்டி. இமயமலையில் மூங்கில் கழிகள் பரவலாகப் பயன்படுகின்றன. வேறிடங்களில் பிளாஸ்டிக் குழாய், அலுமினியக் குழாய், மரம். இரண்டு மீட்டர் துண்டுகளாகக் கொண்டுபோய் ஒன்றோடொன்று இணைத்து இறக்குவது வழக்கம். துளையிட நீராவித் துளைப்பான் உண்டு: எரிவாயு அடுப்பில் சிறிய கொதிகலன், அதிலிருந்து காப்பிட்ட குழாய், முனையில் நீராவி பீய்ச்சும் கம்பி. எட்டு, பத்து மீட்டர் ஆழம் வரை இதில் போகலாம்.

ஒரு கணக்கு. செப்டம்பர் கடைசியில் கழி 0.40 மீட்டர் வெளியே தெரிகிறது. அடுத்த செப்டம்பர் கடைசியில் 2.65 மீட்டர். உருகிய பனிக்கட்டி 2.25 மீட்டர். 0.9-ஆல் பெருக்கினால் 2.03 மீட்டர் நீர்ச்சமன் இழப்பு. அளக்கும் நாளில் கழியைச் சுற்றிப் பனி கிடந்தால் அதன் ஆழத்தையும் அடர்த்தியையும் தனியாக எடுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். பனிக்கட்டியோடு கலந்துவிடக் கூடாது.

எளிமையான கருவிதான், ஆனால் கெட்டுப்போகும் வழிகள் ஏராளம். முதலாவது, ஆழம் போதாமை. முகப்புக்கு அருகே ஓராண்டில் பல மீட்டர் உருகும் இடங்கள் உண்டு. அங்கே மூன்று மீட்டர் ஆழத்தில் நட்ட கழி ஆகஸ்டிலேயே சாய்ந்து விழுந்துவிடும். "குறைந்தது மூன்று மீட்டர் போயிருக்கிறது" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாது. மிக அதிகம் உருகிய இடத்தின் அளவுதான் இப்படித் தொலையும் என்பதால், அந்தக் கழியை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் இழப்பு குறைவாகவே தெரியும். இரண்டாவது, கழியே அமிழ்தல். உலோகக் குழாய் வெயிலில் சூடாகித் தன்னைச் சுற்றியும் தனக்கு அடியிலும் உருக்கும். கனமானதாகவும் முனை கூராகவும் இருந்தால் மெல்ல இறங்கிவிடும். அப்போதும் இழப்பு குறைவாகத்தான் தெரியும். அதனால்தான் வெப்பம் கடத்தாத இலேசான பொருள், அடிமுனையில் அடைப்பு. மூன்றாவது, எங்கிருந்து அளப்பது என்பது. கழியைச் சுற்றி எப்போதும் சிறு குழி விழுந்திருக்கும். குழியின் அடியிலிருந்து அளந்தால் தவறு; ஒரு பலகையையோ பனிக்கோடரியின் காம்பையோ கிடையாக வைத்து, சுற்றியுள்ள பரப்பின் சராசரி மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். கழி சாய்ந்திருந்தால் சாய்ந்த நீளத்தையும் சாய்வையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கல் மூடிய பகுதி தனிக் கதை. ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் மூடிய தூசியும் சரளையும் வெயிலை உறிஞ்சி அடியிலுள்ள பனிக்கட்டியை வேகமாக உருக்கும். சில சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் போனால் அதே கற்போர்வை வெப்பத்தைத் தடுக்கத் தொடங்கும். அரை மீட்டர், ஒரு மீட்டர் தடிமன் என்றால் உருகுதல் மிகச் சொற்பமாகிவிடும். அங்கே கழி நட, கற்களை விலக்கித் துளையிட்டபின் அதே தடிமனில், அதே வரிசையில் மறுபடி மூட வேண்டும். அப்படியே திறந்து விட்டுவிட்டு வந்தால், அடுத்த ஆண்டு அளப்பது பனியாற்றை அல்ல, தோண்டியவர் விட்டுச்சென்ற குழியை.

## மேலே: பனிக்குழி தோண்டுவது

சேர்மானப் பகுதியில் கழி நட்டால் அது புதைந்துபோகும். அங்கே கேள்வியும் வேறு: போன கோடையின் முடிவிலிருந்து இன்றுவரை எவ்வளவு எடை சேர்ந்திருக்கிறது? பதில் பனிக்குள் இருக்கிறது, தோண்ட வேண்டியதுதான்.

போன கோடையின் மேற்பரப்பு வரும்வரை குழி வெட்டுவார்கள். அந்தப் பரப்பை அடையாளம் காணத் தூசி படிந்த அழுக்கு அடுக்கு உதவும். உருகி மறுபடி உறைந்த கடினமான ஏடும் உதவும். ஆனால் நடுவில் ஒரு புழுதிக்காற்று வீசியிருந்தாலோ குளிர்காலத்தில் சில நாள் வெயில் அடித்திருந்தாலோ இதே போன்ற பொய் அடுக்குகள் உருவாகும். தவறான அடுக்கில் நிறுத்தினால் ஓராண்டு வரவே பாதியாகிவிடும். போன கோடையின் அடுக்கைத் தாண்டி அதற்கு முந்தைய கோடையின் அடுக்குவரை போனால் இரட்டிப்பாகிவிடும். அதனால் கோடை முடிவில் குறிப்பிட்ட இடங்களில் நிறப்பொடி தூவிவிட்டு வருவது நல்ல வழக்கம். அடுத்த ஆண்டு குழியில் அந்த நிறம் தென்பட்டால் வாதத்துக்கே இடமில்லை.

குழியின் நிழல் விழும் சுவரில்தான் அளக்க வேண்டும். வெயில் படும் சுவர் அளந்துகொண்டிருக்கும்போதே இளகி அடர்த்தி மாறிவிடும். கொள்ளளவு தெரிந்த ஓர் உருளையை அடுக்குக்குள் செருகி, வெளியே எடுத்து எடைபோடுவார்கள். 500 கன சென்டிமீட்டர் உருளையில் பனி 210 கிராம் என்றால் அடர்த்தி கன மீட்டருக்கு 420 கிலோ. மேலிருந்து கீழ்வரை இப்படி அடுக்கடுக்காகப் போக வேண்டும். எடுத்துக்காட்டாக, 2.8 மீட்டர் குழி:

மேல் 60 செ.மீ., அடர்த்தி 250 கிலோ: 0.150 மீட்டர் நீர்ச்சமன்
நடு 120 செ.மீ., அடர்த்தி 380 கிலோ: 0.456 மீட்டர்
அடி 100 செ.மீ., அடர்த்தி 450 கிலோ: 0.450 மீட்டர்

மொத்தம் 1.056 மீட்டர். மேலடுக்கின் அடர்த்தியை மட்டும் எடுத்து முழு ஆழத்துக்கும் பெருக்கியிருந்தால் 0.70 என்று வந்திருக்கும், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். சோம்பலின் விலை அது. குழி வெட்டுவது கடும் வேலை என்பதால் சில இடங்களில் மட்டும் வெட்டி அடர்த்தியை எடுத்துக்கொண்டு, சுற்றிப் பல இடங்களில் மெல்லிய உலோகக் கோல் குத்தி ஆழத்தை மட்டும் அளப்பார்கள். அடர்த்தி இடத்துக்கு இடம் அவ்வளவாக மாறாது. ஆழம் மிகவும் மாறும்.

குழிக்கும் தப்பிவிடும் ஒன்று உண்டு. கோடையில் மேலே உருகிய நீர், போன ஆண்டுப் பரப்பையும் தாண்டிக் கீழே ஊறி, பழைய ஃபிர்னுக்குள் உறைந்துவிடலாம். மேலே பார்த்தால் இழப்பு. உண்மையில் நீர் பனியாற்றை விட்டு வெளியேறவே இல்லை. குளிர் அதிகமான உயரங்களில் இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் இழப்பு கூடுதலாகத் தெரியும்.

இதுவரை: கீழே கழி, மேலே குழி. இரண்டும் தருவது அந்தந்தப் புள்ளியின் நீர்ச்சமன் மட்டுமே. பனியாற்றின் கணக்கு இன்னும் வரவில்லை.

## கணக்கை எந்த நாளில் முடிப்பது

ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று வைத்தால் ஒரே குளிர்காலத்துப் பனி இரண்டு ஆண்டுக் கணக்கில் பிளந்துவிடும். அதனால் வட அரைக்கோளத்து நடு அட்சரேகை மலைகளில் அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஓர் ஆண்டு என்று கொள்கிறார்கள். உருகுதல் முடிந்து, புதிய பனி சேரத் தொடங்கும் நேரம் அது.

எல்லா மலைக்கும் இது பொருந்தாது. மேற்கு இமயமலைக்கு மேற்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல்கள் பெரிய வரவு. நேபாளத்திலும் அதற்குக் கிழக்கிலும் பனியில் பெரும்பங்கு பருவமழைக் காலத்தில், அதாவது கோடையிலேயே விழுகிறது. ஒரே மாதங்களில் மேலே சேர்கிறது, கீழே உருகுகிறது. அங்கே வெப்பம் சற்றுக் கூடினால் அடி இரண்டு பக்கமும் விழும்: உருகுதல் கூடும், பனியாக விழவேண்டியது மழையாக விழுந்து ஓடிவிடும், வெண்மையும் போய்விடும்.

## புள்ளிகளிலிருந்து முழுப் பனியாற்றுக்கு

இருபது கழி, ஐந்து குழி என்று எண்கள் கையில் இருக்கின்றன. அவற்றைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்தால் என்ன? கூடாது. கீழே நடந்து போவது சுலபம் என்பதால் கழிகள் கீழேதான் அதிகம் இருக்கும். பரப்போ மேலே அதிகம் இருக்கும்.

சரியான வழி, பனியாற்றை உயரப் பட்டைகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நிறைச் சமநிலை எண்; அதை அந்தப் பட்டையின் பரப்பால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். 10 சதுர கிலோமீட்டர் பனியாறு ஒன்றை எளிமைக்காக மூன்றே பட்டையாகப் பிரிப்போம். கீழ்ப்பட்டை 3 சதுர கிலோமீட்டர், இழப்பு 2.5 மீட்டர் நீர்ச்சமன். நடுப்பட்டை 3 சதுர கிலோமீட்டர், இழப்பு 0.8. மேல்பட்டை 4 சதுர கிலோமீட்டர், வரவு 1.1. பெருக்கினால் −7.5, −2.4, +4.4, கூட்டினால் −5.5, பரப்பால் வகுத்தால் −0.55 மீட்டர் நீர்ச்சமன். அதாவது 55 லட்சம் கன மீட்டர் தண்ணீர் பனியாற்றை விட்டுப் போயிருக்கிறது. மூன்று எண்களின் வெறும் சராசரி −0.73 என்று காட்டியிருக்கும்.

உண்மையில் 50 அல்லது 100 மீட்டர் உயர இடைவெளியில் பட்டைகள் பிரிக்கப்படும். எல்லாப் பட்டைக்கும் அளவு கிடைக்காது. பனிக்கட்டி வெடித்துப் பிளவுகளாகக் கிடக்கும் இடங்களுக்கும், பனிச்சரிவு விழும் சுவர்களின் அடிக்கும் யாரும் போக முடியாது. அங்கெல்லாம் அண்டைப் புள்ளிகளை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். முழுக் கணக்கிலும் மிகப் பெரிய ஐயம் இந்த ஊகத்தில்தான் ஒளிந்திருக்கிறது. கழியை ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்ததெல்லாம் இதற்கு முன் தூசு. பனியாறு சுருங்கச் சுருங்கப் பட்டைகளின் பரப்பும் மாறும் என்பதால், பழைய வரைபடத்தையே வைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தால் இப்போது பனியே இல்லாத நிலத்தின் இழப்பையும் கணக்கில் ஏற்றிக்கொண்டிருப்போம்.

## வானிலிருந்து அளப்பது

இன்னொரு வழி முற்றிலும் வேறு. ஒரு காலத்தில் பனியாற்றின் மேற்பரப்பு எங்கெங்கே என்ன உயரத்தில் இருந்தது என்ற உயர வரைபடம் ஒன்று, பத்தாண்டு கழித்து இன்னொன்று. இரண்டையும் கழித்தால் பருமன் மாற்றம் கிடைக்கும். ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த செயற்கைக்கோள் இரட்டைப் படங்கள், ரேடார், லேசர் என்று பல மூலங்களிலிருந்து இந்த வரைபடங்கள் உருவாகின்றன. யாரும் நடந்தே போகாத பனியாறுகளையும் இப்படி அளக்கலாம். 1970-களில் எடுக்கப்பட்ட அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்கள் பிற்பாடு வெளியிடப்பட்டன. அவற்றோடு ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வு, 2000-க்குப் பிறகு இமயமலைப் பனி இழப்பின் வேகம் அதற்கு முந்தைய கால் நூற்றாண்டைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று காட்டியது.

பருமனை எடையாக மாற்ற மறுபடியும் அடர்த்தி வேண்டும். போனது ஃபிர்னா பனிக்கட்டியா என்று வானிலிருந்து தெரியாது. சில ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குக் கன மீட்டருக்கு 850 கிலோ, கூடவோ குறையவோ 60 என்று கொள்வது வழக்கம். பத்தாண்டில் சராசரியாக 6 மீட்டர் தாழ்ந்திருந்தால் 5.1 மீட்டர் நீர்ச்சமன், ஆண்டுக்கு 0.51. ஓராண்டு இடைவெளிக்கு இந்த எண்ணை நம்பக் கூடாது. ஒரு பெரிய பனிப்பொழிவே மேற்பரப்பை ஒரு மீட்டர் உயர்த்திவிடும்.

ரேடாருக்கு ஒரு தனிக் குறை. குளிர்ந்த, ஈரமில்லாத பனிக்குள் ரேடார் அலை சில மீட்டர் ஊடுருவிய பிறகே திரும்பும். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட உலக ரேடார் உயர வரைபடம் பனியாற்று ஆய்வுகளில் மிகவும் பயன்படுவது. அது நடுக்குளிர்காலம். சேர்மானப் பகுதிகளில் அந்த வரைபடம் உண்மையான மேற்பரப்பைவிடத் தாழ்வாகக் காட்டும். திருத்தாமல் பிற்கால வரைபடத்தோடு கழித்தால் இழப்பு குறைவாக, சில இடங்களில் பனி கூடியதாகவேகூடத் தோன்றும்.

இரண்டு வழிகளையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுவது புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு. கழி பனிக்கட்டியோடு சேர்ந்தே நகர்கிறது. அது காட்டுவது மேற்பரப்பில் போனதை மட்டும். செயற்கைக்கோள் காட்டுவது குறிப்பிட்ட இடத்தில் மேற்பரப்பின் உயரத்தை. அதில் பனியாற்றின் ஓட்டமும் கலந்திருக்கிறது. இழப்புப் பகுதியில் மேலிருந்து வரும் பனிக்கட்டி மேற்பரப்பைத் தள்ளி உயர்த்திக்கொண்டே இருக்கும். கழி இரண்டு மீட்டர் இழப்பு என்று சொல்ல, செயற்கைக்கோள் அதே இடத்தில் ஒரு மீட்டர் தாழ்வு என்று சொல்லலாம். இரண்டுமே சரி. முழுப் பனியாற்றையும் கூட்டும்போது ஓட்டம் ஓரிடத்தில் எடுத்ததை மற்றோரிடத்தில் கொடுத்துவிடுவதால் கணக்கு நேராகிவிடும்.

அதனால் நீண்டகால அளவீடுகளில் இரண்டையும் இணைத்தே வைத்திருக்கிறார்கள். கழியும் குழியும் ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கத்தைத் தரும். வானிலிருந்து வருவது பத்தாண்டின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும். இரண்டும் பெரிதாக வேறுபட்டால், பெரும்பாலும் யாரும் போகாத அந்தப் பட்டைகளில்தான் தேட வேண்டும்.

## வெளியாகும் எண்ணை எப்படிப் படிப்பது

ஸ்வீடனின் ஸ்டோர்கிளேசியாரன் பனியாற்றில் 1945–46 முதல் இடைவிடாமல் இந்தக் கணக்கு எடுக்கப்படுகிறது. முழுப் பனியாற்றுக்கும் தொடர்ந்து எடுக்கப்படும் கணக்குகளில் உலகிலேயே நீளமானது அது. இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி பகுதியிலுள்ள சோட்டா ஷிக்ரி பனியாறு 2002 முதல் தொடர்ந்து அளக்கப்படுகிறது. ஏறத்தாழ 15.5 சதுர கிலோமீட்டர் பரப்பும் 9 கிலோமீட்டர் நீளமும் கொண்டது. 2002 முதல் 2019 வரையிலான 17 ஆண்டுகளுக்கு அதன் சராசரி, ஆண்டுக்கு −0.46 ± 0.40 மீட்டர் நீர்ச்சமன், மொத்தத்தில் 7.87 மீட்டர்.

அந்த ± 0.40-ஐப் பார்த்து "பாதிக்குப் பாதி தெரியாதாம்" என்று சொல்வது அவசரம். ஓராண்டு எண்ணுக்கு அத்தனை ஐயம் உண்டு என்பது அதன் பொருள். பிழைகள் ஓராண்டு இப்படியும் மறு ஆண்டு அப்படியும் விழுந்தால் பல ஆண்டுக் கூட்டலில் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே பக்கமாக விழும் பிழை மட்டும் ஆண்டுக்காண்டு குவியும். வானிலிருந்து வரும் சரிபார்ப்பு தேவைப்படுவது அதனால்தான்.

இதே பனியாற்றில் மிகையாக முடிந்த ஆண்டுகளும் உண்டு. ஒரு மிகை ஆண்டை எடுத்து "பனியாறு மீண்டுவிட்டது" என்பதும், ஒரு மோசமான ஆண்டை எடுத்து "இன்னும் இருபதே வருடம்" என்பதும் ஒரே வகைப் பிழை. சோட்டா ஷிக்ரியில் சில இடங்களில் பனிக்கட்டியின் தடிமன் 270 மீட்டர் வரை அளக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு அரை மீட்டர் என்பது அதற்கு முன் சிறிய எண். அதே நேரம் கீழ்ப்பகுதியில் இழப்பு சராசரியைப்போலப் பல மடங்கு என்பதால், மெலிவு எல்லா இடத்திலும் ஒரே சீராக நடக்காது. இடமும் முக்கியம்: காரகோரம் மலைத்தொடரில் பல பனியாறுகள் 21-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் ஏறக்குறையச் சமநிலையிலேயே இருந்தன. ஒரு மலையின் எண்ணை இன்னொரு மலைக்கு ஒட்டிவிட முடியாது.

எண்ணைப் பார்த்தவுடன் கேட்க வேண்டியவை: மீட்டர் என்றால் முகப்பு நகர்ந்த நீளமா, மேற்பரப்பு தாழ்ந்த உயரமா, நீர்ச்சமனா? எத்தனை ஆண்டுச் சராசரி? ஒரு பனியாறா, ஒரு மலைத்தொடரா? உலகக் கணக்குகளில் மீட்டர் போய் கிகா டன் வரும். ஒரு கிகா டன் என்பது நூறு கோடி டன், அதாவது ஒரு கன கிலோமீட்டர் தண்ணீர். கிரீன்லாந்து, அன்டார்டிகா ஆகியவற்றின் பெரும் பனித்தகடுகளை விட்டுவிட்டு, உலகின் மற்ற எல்லாப் பனியாறுகளும் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 267 கிகா டன் இழந்தன என்று செயற்கைக்கோள் உயர வரைபடங்களைக் கொண்டு 2021-இல் கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ 360 கிகா டன் தண்ணீர் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும். அந்தக் கணக்கில் 267 கிகா டன், ஆண்டுக்கு முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.